மத்ததை நான் பாத்துக்குவேன்

எங்கள் சலவைக்கூடத்துக்குப் புது இயந்திரம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஆளாளுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு அதற்கும் தெம்பில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற அழுக்குத் துணியைப் பிரிக்கிற மேசையில் நிற்பது என் வேலை. என்ன துணி, என்ன கறை என்று பார்த்து, எந்தத் தொட்டிக்குப் போகவேண்டுமோ அந்தக் கூடையில் வீசவேண்டும். வீசி வீசித் தோள் இறங்கிவிட்டது. நின்று நின்று முட்டி இரண்டும் மாலையானால் வீங்கிப்போய்விடும். கூடத்தில் எனக்குப் பெயர் கறையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் ஞாபகத்துக்கு வரும்.

இனி அந்த மேசைக்கு ஆள் வேண்டாமாம். துணி ஒரு பட்டையில் ஊர்ந்து போகுமாம், மேலேயிருந்து கேமரா பார்க்குமாம், இயந்திரமே பிரித்துப் போட்டுவிடுமாம். எதை எங்கே போடுவது என்று அதற்கு எழுதிக் கொடுக்க மட்டும் ஆள் வேண்டும். அந்த ஆள் கண்ணாடி அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மேசை ஆட்கள் யார் வேண்டுமானாலும் பயிற்சிக்கு வரலாம், கடைசியில் ஒரு பரீட்சை, தேறினால் கண்ணாடி அறை, தேறாவிட்டால் வீடு. இன்னொரு தடவை கிடையாது. சூப்பர்வைசர் இதைச் சொன்னபோது மற்றவர்களுக்கு 'வீடு' என்பது காதில் விழுந்தது. எனக்கு 'நாற்காலி' மட்டும்தான் விழுந்தது.

பயிற்சி, காலை ஷிப்டு முடிந்தபிறகு, மாடியில் சோப்புத்தூள் மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையில். வாத்தியார் முப்பதைத் தாண்டியிருக்கமாட்டார். தீராத ஜலதோஷம், இரண்டு கைக்குட்டை. எங்களுக்கு முன்னால் வேறெங்கோ இரண்டு இடத்தில் கத்திவிட்டு வருவதால் குரல் பாதிதான் மிச்சமிருக்கும். தூங்கி வழிகிற எங்களுக்கும் தும்மி வழிகிற அவருக்கும் ஜாடிக்கேற்ற மூடியாகப் பொருந்திப்போயிற்று.

"கம்ப்யூட்டருக்குச் சுயபுத்தி கிடையாது. நாமதான் சொல்லணும்" என்றார் முதல் நாள். "இஃப்னு எழுதினா, 'இப்படி இருந்தா' இதைச் செய்னு அர்த்தம். இருந்தா செய்யும். இல்லைன்னா அந்த வரியைத் தொடவே தொடாது. யாராவது ஒரு உதாரணம் சொல்லுங்க."

இஸ்திரி உருளையில் இருக்கும் அண்ணன் கையைத் தூக்கினார். எங்களில் மூத்தவர், வாயும் அவருக்குத்தான் மூத்தது. "அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா."

எல்லோரும் சிரித்தோம். வாத்தியார் சிரிக்கவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரியான உதாரணம். அத்தைக்கு மீசை முளைக்கப் போறதில்லை. அதனால சித்தப்பாங்கிற வரி சும்மா எழுதி வெச்சதுதான். கடைசிவரைக்கும் அது ஓடவே ஓடாது. ஓடாத வரி எழுதாதீங்க."

அன்று அண்ணனுக்கு ஒரே பெருமை. படி இறங்கும்போது ஒவ்வொருத்தரிடமும் வாத்தியாரே மெச்சினார் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கு இது ஏறாது என்றுதான் நினைத்திருந்தேன். ஏறியது. நாள் முழுக்க நான் மேசையில் செய்வதே இதுதானே, இப்படி இருந்தால் இங்கே, அப்படி இருந்தால் அங்கே. அந்தத் தைரியத்தில்தான் சறுக்கினேன். வாத்தியார் துணிப் படங்கள் ஒட்டிய அட்டைகளைக் கொண்டுவந்தார். கேமராவுக்குக் கீழே அட்டையை வைத்தால், நாம் எழுதியபடி இயந்திரம் என்ன செய்யும் என்று திரையில் காட்டும். நான் மளமளவென்று எழுதினேன். துணி வெள்ளையாக இருந்தால் சுடுதண்ணீர்த் தொட்டி. எங்களுக்கு வருவதில் முக்கால்வாசி வெள்ளை, ஆகவே முதலில் வெள்ளை. அடுத்து, ரத்தக்கறை இருந்தால் பச்சைத்தண்ணீர்த் தொட்டி. அடுத்து எண்ணெய்க்கறை, அடுத்து சாயத்துணி.

வாத்தியார் ஒரு அட்டையை வைத்தார். வெள்ளை விரிப்பு, நடுவில் ரத்தம். திரையில் அது நேராகச் சுடுதண்ணீருக்குப் போயிற்று.

எனக்குச் சுர்ரென்றது. "ரத்தத்தைச் சுடுதண்ணியில போட்டா கறை வெந்து அப்படியே பிடிச்சுக்கும். ஜென்மத்துக்கும் போகாது. இதுகூட அதுக்குத் தெரியாதா?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் எங்க சொன்னேன்? ரத்தம்னா பச்சைத்தண்ணின்னு ரெண்டாவது வரியில எழுதியிருக்கேனே."

"ரெண்டாவது வரிக்கு அது வரவே வரலைக்கா. மேலேருந்து படிக்கும். முதல்ல எது பொருந்துதோ அதோட நின்னுடும். வெள்ளையான்னு கேட்டீங்க, ஆமான்னுச்சு, போயிடுச்சு. எதை விட்டா ஆபத்தோ அதை முதல்ல கேக்கணும்."

ரத்தத்தை முதலில் பார்க்கவேண்டும் என்பது எனக்கா தெரியாது? இத்தனை வருஷத்தில் அதை யோசித்ததே இல்லை, கண் தானாகப் போய் நிற்கும். தானாக நடப்பதை யார் எழுதிவைப்பார்கள்? வரிகளை இடம் மாற்றினேன். வாத்தியார் இன்னொரு அட்டையை வைத்தார். பச்சைத் திரைச்சீலை, அதில் மெழுகு உருகி ஒட்டியிருக்கிறது. இயந்திரம் ஒன்றும் செய்யவில்லை. திரைச்சீலை பட்டையிலேயே கிடந்தது, அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் குவிய ஆரம்பித்தது.

"இதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே அக்கா. ரத்தம் சொன்னீங்க, எண்ணெய் சொன்னீங்க, வெள்ளை, சாயம். மத்ததெல்லாம்?"

"மத்ததை நான் பாத்துக்குவேன்" என்றேன்.

அறை கொல்லென்று சிரித்தது. அண்ணன் மூட்டையில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எதிலும் சேராத துணி வந்தால் ஓரமாக எடுத்துவைத்து, ஷிப்டு முடிந்தபிறகு நான்தான் கையால் கசக்குவேன். வருஷக்கணக்காக அப்படித்தான்.

வாத்தியாரும் அன்றுதான் முதல்முதலாகச் சிரித்தார். "நீங்க அங்க இருக்கமாட்டீங்கக்கா. எல்ஸ் போடணும். எல்ஸ்னா, இல்லாட்டி. மேல சொன்ன எதுலயும் வராட்டி என்ன பண்றதுன்னு கடைசியில கண்டிப்பா ஒரு வரி இருக்கணும்."

"என்ன பண்ணும்?"

"பட்டையை நிறுத்தி மணி அடிக்கும். யாராவது வந்து பாப்பாங்க."

"யாரு வருவாங்க?"

"யாரு டூட்டியோ அவங்க."

வாத்தியார் பாவம், கல்யாணமாகாதவர். மணி அடித்தால் யார் டூட்டியோ அவர்கள் வருவார்கள் என்று நம்புகிறார்.

எங்கள் வீட்டிலும் ஒரு மணி உண்டு. தபால்காரராக இருந்து சைக்கிள் மிதித்து ஊரையே சுற்றிய என் மாமனார், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, உள்ளறைக் கட்டிலில் கிடக்கிறார். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, பேச்சுதான் குழறும். நல்ல கை இடது கை. அதற்கு எட்டுகிற இடத்தில் என் வீட்டுக்காரர் தன் பழைய சைக்கிளின் மணியைக் கழற்றித் திருகி வைத்தார். அப்பாவுக்கு அவர் செய்தது அது. மணி அடித்தால், டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "மணி அடிக்குது" என்பார். செய்தி வாசிப்பதுபோல. வீட்டில் எனக்கு மட்டும்தான் கால் இருக்கிறது என்பதுபோல.

குறை சொல்லவில்லை. அவர் பஸ் ஓட்டுகிறவர், அவருக்கும் இடுப்பு போய்விட்டது. அடுத்த தெருவில் என் கொழுந்தன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், அவர் மனைவி, என் ஓரகத்தி, வீட்டோடு இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் வந்து, "அப்பா நல்லா தேறிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேலைநாட்களில் நான் வரும்வரை எதிர்வீட்டுப் பெண் அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். அவளும் அந்த வாரம் ஊரில் இல்லை.

பரீட்சைத் தேதி தெரிந்ததுமே மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பகல் முழுக்க மாமாவோடு யாராவது இருக்கவேண்டும்.

"லீவு கிடைச்சா நான் இருக்கேன்" என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணனுக்கு லீவு கிடைக்கலைன்னா இவளை அனுப்பறேன் அண்ணி" என்றார் கொழுந்தன்.

"எனக்கு வேற ஜோலி வராட்டி வந்துடறேன் அக்கா" என்றாள் ஓரகத்தி.

கேட்கக் காதுக்கு இனிமையாக இருந்தது. பாத்திரம் விளக்கும்போதுதான் உறைத்தது. மூன்றும் இஃப். மூன்றும் அத்தைக்கு மீசை முளைக்கிற கதை. மூன்றுக்கும் கீழே யாரும் சொல்லாத நாலாவது வரி ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இல்லாட்டி இவள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வரியை ஒருத்தரும் எழுதினதில்லை, எழுதவேண்டிய அவசியம் வந்ததில்லை. கையில் இருந்த தட்டை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது.

பரீட்சையன்று காலையில் வீட்டுக்காரர் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"லீவு என்னாச்சு?"

"கேக்கலை. கேட்டாலும் டெப்போ மேனேஜர் குடுக்கமாட்டான்."

"கேக்காமலே எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா அவனை?" என்று சொல்லிக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டார். ஓரகத்தி முந்தின நாளே தன் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், கொழுந்தன் கடையைத் திறந்துவிட்டார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். "அப்ப நீ இன்னொரு நாள் எழுதிக்கயேன்."

"இன்னொரு நாள் கிடையாது."

"கேட்டுப் பாரேன்."

லீவு கேட்காத மனிதர் என்னைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். வாயில் வந்ததை முழுங்கினேன். சண்டை போட்டால் நேரமாகும், நேரமானால் நான்தான் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம், யார் கடைசியாக வாசலைத் தாண்டவேண்டுமோ அவர்கள் தாண்டுவதில்லை. அந்தக் கடைசி ஆள் எப்போதும் நான்தான்.

மாமாவுக்கு ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்து, மாத்திரை போட்டு, விரிப்பு மாற்றினேன். பையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய், "மாமா, நான் பரீட்சைக்குப் போறேன். எது வேணும்னாலும் மணி அடிங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. "போ...ம்மா" என்றார்.

வீட்டுக்காரர் ஷூ மாட்டக் குனிந்திருந்தார். அவரைத் தாண்டிச் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் கிளம்பறேன். நீங்க வாசலைத் தாண்டறதா இருந்தா ஒரு ஆளை உக்கார வெச்சுட்டுத் தாண்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அவர் என்னமோ சொன்னார், நான் திரும்பவில்லை. திரும்பினால் போயிற்று, எனக்கு என்னைத் தெரியும்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அந்த மனிதர் ஆத்திரத்தில் கதவைப் பூட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டால்? மாமா மணி அடித்துக்கொண்டே இருந்தால்? இறங்கித் திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்தேன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னை வேடிக்கை பார்த்தாள். போன் பைக்குள் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மாடிப்படியில் ஏறும்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, அறை வாசலில் வைத்திருந்த கூடையில் அதைப் போட்டபிறகுதான் சத்தம் தூரமாயிற்று.

பரீட்சைக்கு இயந்திரக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். ஒரு சொல் அதிகமாகப் பேசமாட்டார். ஒவ்வொருத்தராக எழுதவேண்டும், எழுதினதும் அவர் தன் பெட்டியிலிருந்து அட்டைகளை எடுத்து வைப்பார், அங்கேயே முடிவு.

எனக்கு முன்னால் இஸ்திரி அண்ணன். அவர் எழுதியது ஒழுங்காகத்தான் ஓடியது. கடைசி அட்டை, விரிப்போடு சுருட்டிக்கொண்டு வந்த ஒரு குழந்தையின் பொம்மை. அவர் எல்ஸ் போட்டிருந்தார், ஆனால் எல்ஸில் சுடுதண்ணீர் என்று போட்டிருந்தார். பொம்மை வேகப் போயிற்று. அந்த அம்மாள் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார். அண்ணன் எழுந்து என்னைத் தாண்டும்போது, "மீசை முளைக்கலை" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் உட்கார்ந்தேன். முதல் வரி ரத்தம். பிறகு எண்ணெய், வெள்ளை, சாயம். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. இல்லாட்டி. இந்நேரம் அந்த அறையில் மணி அடித்துக்கொண்டிருக்குமோ? யாராவது எழுந்து போயிருப்பார்களா? வாத்தியார் ஜன்னலோரம் நின்று கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். 'பட்டையை நிறுத்து, மணி அடி' என்று எழுதினேன். அட்டைகள் ஒவ்வொன்றாகப் போயின. பொம்மை வந்தது. பட்டை நின்றது. திரைக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு மணி அடித்தது, நான் பழக்கதோஷத்தில் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க. உங்களுக்கில்லை" என்றார் அந்த அம்மாள். பிறகு, "பாஸ்" என்றார்.

சந்தோஷப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. வாத்தியாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கூடையிலிருந்து போனை எடுத்தேன். எல்லாம் வீட்டுக்காரர் கூப்பிட்டதுதான், பத்து மணிக்கு மேல் ஒன்றும் இல்லை. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கதவு திறந்துதான் கிடந்தது. வாசல் கொடியில் காலையில் நான் விரித்த வெள்ளை விரிப்பு ஈரம் சொட்டிக்கொண்டு தொங்கியது. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ரத்தம், வெந்த ரத்தம்.

வீட்டுக்காரர் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். காக்கிக் கால்சட்டை முட்டிவரை சுருட்டியிருந்தது, சட்டை முழுக்கத் தண்ணீர்.

"மாமாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. மூக்குல ரத்தம் வந்துடுச்சு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரில்ல, நிக்கவே இல்லை. நான் வாசப்படியில நிக்கறேன், மணி அடிக்குது, அடிச்சுக்கிட்டே இருக்கு. போய்ப் பாத்தா இப்படி. டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன், பஞ்சு வெச்சாரு, நின்னுடுச்சு. தூங்கிட்டாரு." மூச்சு வாங்கினார். "டூட்டிக்குப் போகலை. அந்த விரிப்பை எவ்வளவு தேச்சும் போகமாட்டேங்குது. நல்லாக் கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்தினேன்."

"சுடுதண்ணியா?"

"வெள்ளைத்துணிக்குச் சுடுதண்ணிதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. அவர் என்ன என்று விழித்தார். "ஊறவெச்சா போயிடுமா?" என்றார்.

"போகாது. இருந்துட்டுப் போகட்டும்."

கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் லீவு போனதைச் சொன்னார், டாக்டர் கிடைக்காமல் அலைந்ததைச் சொன்னார், தம்பியைக் கூப்பிட்டால் கடையில் கூட்டம் என்று சொன்னானாம், அதையும் சொன்னார். பரீட்சை என்னவாயிற்று என்று கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். கேட்பார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

உள்ளே மணி அடித்தது.

அவர் வழக்கம்போல என் பக்கம் திரும்பி, "மணி அடி..." என்று ஆரம்பித்தார். நான் அசையவில்லை. வீறாப்பெல்லாம் ஒன்றுமில்லை, முட்டி மடங்கவே மறுத்தது. அவர் மிச்சத்தைச் சொல்லாமல் தரையில் கையை ஊன்றி எழுந்து உள்ளே போனார். குழறல் கேட்டது. "என்னப்பா? என்ன? தண்ணியா?" என்று இவர் கேட்பது கேட்டது. மறுபடி குழறல். பிறகு நிலைப்படியில் வந்து நின்றார், என்னை நேராகப் பார்க்காமல்.

"ஒண்ணும் வேணாமாம். உன்னைத்தான் கேக்கறாரு. பரீட்சை என்னாச்சுன்னு."

காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனேன். மாமா மூக்கில் பஞ்சோடு மல்லாந்து படுத்திருந்தார். காய்ந்த ரத்தம் காதோரம் துடைக்காமல் இருந்தது.

"பாஸ் மாமா" என்றேன்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். அவருக்கு இருப்பது ஒரு கைதான். அதை மெல்ல நீட்டி, மணியை அடித்தார், நிறுத்தாமல் அடித்தார்.